சொத்து வரியோடு கட்டுகிற நூலக வரி எங்கே போகிறது?

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: "அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறேன், அதில் நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆனால் எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் மழை பெய்தால் ஒழுகுகிறது, புதுப் புத்தகம் கண்ணில் படுவதில்லை, சாயங்காலம் எப்போது திறந்திருக்கும் என்றும் தெரியவில்லை. இந்தக் காசு எங்கே போகிறது? எல்லாம் கைபேசியிலேயே கிடைக்கிற காலத்தில் இந்த வரி எதற்கு?"

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும். இரண்டாவதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். யாரோ ஒருவர் இந்தப் பணத்தை மூட்டை கட்டி எடுத்துப் போகிறார் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நடப்பது அதைவிடச் சாதாரணமான விஷயம், அதனாலேயே யாரும் கண்டுகொள்வதில்லை. வசூலிக்கிற அலுவலகம் ஒன்று, செலவழிக்க வேண்டிய அலுவலகம் வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் பணம் தங்கிவிடுகிறது. தங்கியது வருடக்கணக்கில் நிலுவையாகிறது, நிலுவை என்பது காலப்போக்கில் கணக்குப் புத்தகத்தில் வெறும் ஒரு எண்ணாகிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலைக்குப் பிறகு இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம். (கோலாப்பூர் சமஸ்தானத்தில் 1945லேயே ஒன்று வந்தது, அது வேறு கதை.) அப்போது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வர், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். சட்டத்துக்குப் பின்னால் இருந்த மூளை எஸ். ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனவர். அங்கே க்ராய்டன் நகரத்து நூலகங்களைச் சுற்றிப் பார்த்தவர் கட்டடங்களைப் பார்த்து மட்டும் அசந்து போகவில்லை, அவை எந்தக் காசில் ஓடுகின்றன என்பதையும் கவனித்தார். இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி நகரசபைகள் பவுனுக்கு அரைப் பென்னி நூலக வரி போடலாம், 1855இல் அது ஒரு பென்னியானது. சின்னத் தொகைதான், ஆனால் வருடா வருடம் நிச்சயமாக வரும். யாருடைய தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

அதே யோசனைதான் நம் சட்டத்திலும் இருக்கிறது. தொடக்கத்தில் சொத்து வரி ஒரு ரூபாய்க்கு ஆறு தம்படி, அதாவது அரை அணா. இன்றைய கணக்கில் சுமார் மூன்று காசு. பிறகு ஐந்து காசாகி, இப்போது பத்துக் காசு. உங்கள் அரையாண்டு சொத்து வரி 3,000 ரூபாய் என்றால் அதன் மேல் 300 ரூபாய் நூலக வரி. கிராமத்தில் வீட்டு வரி கட்டுகிறவருக்கும் இதே விகிதம்தான், நகரத்துக்காரர்கள் மட்டும் கட்டுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தப் பணம் மாநகராட்சியின் வருமானம் கிடையாது. இதுதான் மொத்த விஷயத்தின் ஆணிவேர். மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ இதை வாங்கிக் கொடுக்கிற கைதான். பணத்துக்குச் சொந்தக்காரர் நூலக ஆணைக்குழு. மாவட்டத்துக்கு ஒன்றாகவும் சென்னை மாநகருக்குத் தனியாகவும் சட்டப்படி அமைக்கப்பட்ட குழு அது. அதற்கென்று நூலக நிதி என்று தனிக் கணக்கு உண்டு. வரி, நன்கொடை, அரசின் மானியம், வாசகர் கட்டுகிற சந்தா, தாமதக் கட்டணம் எல்லாம் அதில்தான் வரவு வைக்க வேண்டும். கிளை நூலகத்தின் வாடகை, மின்கட்டணம், பத்திரிகை பில் எல்லாவற்றுக்கும் பணம் வர வேண்டிய இடமும் அதுதான்.

ஒரு தனியார் கம்பெனி உங்கள் சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதியைப் பிடித்துக்கொண்டு, அதைக் கட்டாமல் அந்த மாதக் கரண்ட் பில்லுக்குப் பயன்படுத்திக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது குற்றம், வழக்கு வரும், முதலாளி பதில் சொல்ல வேண்டியிருக்கும். நூலக வரியில் ஒரு உள்ளாட்சி அமைப்பு அதையே செய்தால் அதற்குப் பெயர் "நிலுவை". தணிக்கைக்காரர்கள் அறிக்கையில் ஒரு பத்தி எழுதுவார்கள், ஆணைக்குழு நினைவூட்டுக் கடிதம் போடும். ஒரு அரசு அலுவலகம் இன்னொரு அரசு அலுவலகத்தை வாசலில் போய் நின்றா கேட்க முடியும்?

மாநகராட்சிப் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. துப்புரவுப் பணியாளர் சம்பளம் மாதத் தொடக்கத்தில் போயாக வேண்டும். குப்பை லாரிக்கு டீசல் போட வேண்டும், ஒப்பந்ததாரர் பில் பாக்கி நிற்கிறது. கஜானாவில் உள்ள பணம் எல்லாம் ஒரே நிறம்தான், அதில் எது நூலகத்துடையது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சம்பளம் நின்றால் மறுநாளே வேலைநிறுத்தம் வரும், குப்பை அள்ளாவிட்டால் நாற்றம் வரும். நூலகத்துக்குப் பணம் போகாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வாரப் பத்திரிகை நிற்கும், விசிறி ஓடாது. அதற்கு யாரும் சாலை மறியல் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை. கர்நாடகத்தில் 1965 சட்டப்படி சொத்து வரியில் ஆறு சதவீதம் நூலகத்துக்கு. பெங்களூரு மாநகராட்சி நூலகத் துறைக்குத் தர வேண்டிய பாக்கி நூற்றுக்கணக்கான கோடி என்று செய்தி வருவதும், கொஞ்சம் கொடுப்பதும், மறுபடி பாக்கி ஏறுவதும் வாடிக்கை. ஹைதராபாத்தில் எட்டு சதவீதம். அங்கேயும் இதே பல்லவிதான். சரி, வரியே இல்லாத மாநிலம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் மகாராஷ்டிரத்தில் 1967 சட்டத்தில் நூலக வரி கிடையாது, அரசு மானியம்தான். மேற்கு வங்கத்தின் 1979 சட்டமும் அப்படியே. அங்கே உள்ளாட்சி பாக்கி என்ற பிரச்சினை இல்லை, அதற்குப் பதில் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் நிதித் துறையின் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பணம் நெருக்கடியாகும் வருடத்தில் முதலில் கத்தி விழுவது எந்தத் தலைப்பில் என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு வரி முறைதான் சரி என்று படுகிறது. மானியம் கேட்டு வாங்குவது, வரி உரிமையோடு வருவது. ஆனால் அந்த உரிமை காகிதத்தில் மட்டும் இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

நூலக வரி ஏன் இத்தனை காலம் போதாமல் இருந்தது என்பதற்கு அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் இருக்கிறது. இது தானாக நிற்கிற வரி இல்லை, சொத்து வரியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிற வரி. சென்னையில் சொத்து வரிக்கான பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது, மற்ற நகரங்களில் 2008இல். அதன் பிறகு 2018இல் ஏற்றினார்கள், 2019இல் அதையும் நிறுத்திவைத்தார்கள், 2022 வரை எந்த ஏற்றமும் நிலைக்கவில்லை. ஏற்றியதில் உறுதியாக நிற்க எந்த ஆட்சிக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் நேரான பேச்சு. அந்தக் காலத்தில் புதுக் கட்டடம் வந்தால்தான் வரவு கூடும், பழைய வீடு பழைய தொகையையே கட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நாளிதழ் விலை அப்படி நின்றதா? வாடகை நின்றதா? தாள் விலை ஏறியதில் புத்தக விலை பல மடங்கானது. சென்னையில் இருபத்து நான்கு வருடம், மற்ற நகரங்களில் பதினான்கு வருடம், ஏறக்குறைய ஒரே வரவை வைத்துக்கொண்டு ஏறுகிற செலவைச் சமாளிப்பது எப்படி என்று கிளை நூலகர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பத்திரிகையைக் குறைத்தோம், காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விட்டோம், ஒருவர் இரண்டு நூலகத்தைப் பார்த்துக்கொண்டார். நீங்கள் சாயங்காலம் போனபோது பூட்டியிருந்ததற்குப் பின்னால் இந்தக் கடைசிக் காரணம் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் அப்போது இன்னொரு கிளையில் உட்கார்ந்திருப்பார். (வெள்ளிக்கிழமை போயிருந்தால் மட்டும் யாரையும் குறை சொல்ல முடியாது, கிளை நூலகங்களுக்கு அன்றுதான் வார விடுமுறை.)

2022 ஏப்ரலில் குடியிருப்புகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை சொத்து வரியை ஏற்றினார்கள். பத்து சதவீதம் என்ற விகிதம் மாறவில்லை, ஆனால் எதன் மேல் பத்து என்பது மாறிவிட்டதால் நூலக வரியும் கூடவே ஏறியது. அந்த ஏற்றத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள், எதிர்க்கட்சிகள் ஆர்ப்பாட்டம் நடத்தின. "சரி, அதில் நூலகத்தின் பங்கும் கூடியிருக்குமே, அது போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்ட குரல் மட்டும் என் காதில் விழவில்லை. நூலக வரியை இன்னும் உயர்த்த வேண்டும் என்று அவ்வப்போது சிலர் சொல்கிறார்கள். இருப்பதே ஒழுங்காகப் போய்ச் சேராதபோது விகிதத்தை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுகிற வேலை அது.

அப்புறம், பணம் போய்ச் சேர்ந்த பிறகு நடப்பது.

உங்கள் கிளை நூலகத்தில் ஒரு மின்விசிறி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்டென்சர் போயிருக்கும், கடையில் சில்லறைக் காசு. நூலகர் கையில் சில்லறைச் செலவுக்கென்று இருப்பது மிகச் சிறிய தொகை, அதில் தண்ணீர் கேன், விளக்குமாறு, பதிவேடு, பசை எல்லாம் அடக்கம். விசிறிக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நூலக அலுவலகத்துக்கு எழுத வேண்டும். விலைப்புள்ளி கேட்பார்கள், கோப்பு போகும், அனுமதி வரும், பில் போடுவார்கள். இதற்குள் கோடை முடிந்து மழை வந்துவிடும். அதனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? நூலகர் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார், அல்லது வாசகர் வட்டத்தில் யாராவது பெரியவர் வாங்கிக் கொடுப்பார், அல்லது விசிறி ஓடாமலே தொங்கும். கட்டடம் வாடகைக் கட்டடமாக இருந்தால் இன்னும் சிக்கல். பழைய வாடகைக்கு இருக்கிற இடத்தில் ஒழுகலை அடைக்க வீட்டுக்காரருக்கு என்ன ஆர்வம் இருக்கும்? ஆணைக்குழுவும் அடுத்தவர் கட்டடத்தில் காரை பூச முடியாது. உங்கள் நூலகத்தின் ஒழுகல் விஷயத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது அதுதான்: கட்டடம் யாருடையது?

இதில் ஆணைக்குழுவின் நிர்வாகத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் கற்பனை செய்தது உள்ளாட்சிப் பிரதிநிதிகள் உட்காருகிற, உள்ளூர்க்காரர்கள் முடிவெடுக்கிற ஒரு குழுவை. நடந்தது, நீண்ட காலமாகப் பல மாவட்டங்களில் குழுவே இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் வண்டி ஓடியது. பெரும்பாலும் அது பள்ளிக்கல்வித் துறை அதிகாரிக்குக் கொடுக்கப்பட்ட கூடுதல் பொறுப்பு. பொதுத் தேர்வு, பள்ளிக்கூடம், ஆசிரியர் மாறுதல் எல்லாவற்றுக்கும் நடுவில் அவருக்கு நூலகக் கோப்பு எத்தனாவது இடத்தில் இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் உள்ள குழு இருந்திருந்தால் குறைந்தபட்சம் "எங்கள் வார்டு வரி எங்கே?" என்று மாநகராட்சிக் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து கேட்டிருப்பார்.

புத்தகம் வராததற்குத் தனிக் கதை. நம் ஊரில் கிளை நூலகர் தன் வாசகருக்கு வேண்டியதைத் தானே பார்த்து வாங்குவதில்லை. மாநில அளவில் தேர்வு செய்து, ஒரு தலைப்புக்கு இத்தனை பிரதி என்று பதிப்பாளருக்கு நூலக ஆணை போகும். விலையும் நீண்ட காலம் பாரக் கணக்கில், பதினாறு பக்கம் ஒரு பாரம், பாரத்துக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த விலை. தமிழ்ப் பதிப்புலகத்தின் வயிறே இந்த ஆணையை நம்பித்தான் வெகுகாலம் இருந்தது, சில வருடங்கள் ஆணை வராமல் போனபோது சின்னப் பதிப்பாளர்கள் திண்டாடிப் போனார்கள். நூலகத்துக்காகவே அச்சடித்த, வேறு யாரும் காசு கொடுத்து வாங்காத புத்தகங்களும் இந்த வழியில்தான் அலமாரியை அடைத்தன. இப்போது இணையதளம் வழியாக விண்ணப்பித்துத் தேர்வு செய்கிற முறை வந்திருக்கிறது, அது முன்னேற்றம்தான். ஆனால் வேலூரில் ஒரு கிளைக்கு என்ன வேண்டும் என்பதை அந்தக் கிளையில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிற வழி இன்னும் அகலமாகவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் கேட்கிற புத்தகம் ஒரு பிரதி இருக்கும், அதுவும் அட்டை கிழிந்து. யாரும் தொடாத கவிதைத் தொகுப்பு ஐந்து பிரதி பளபளவென்று நிற்கும்.

பெரிய நூலகங்களுக்கு மட்டும் எப்படிப் பணம் வருகிறது என்று அடுத்து கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் வந்தது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில், 200 கோடி ரூபாய்க்கு மேல் செலவில். கோவைக்கும் திருச்சிக்கும் பெரிய நூலகங்கள் அறிவிக்கப்பட்டன. இவற்றை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மதுரை நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்த யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டடத்துக்கான பணமும் நடத்துவதற்கான பணமும் வேறு வேறு. கட்டடத்தை ஒரு அரசு ஒருமுறை அறிவித்து, அடிக்கல் நாட்டி, ரிப்பன் வெட்டலாம். மின்கட்டணத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது. அண்ணா நூலகத்துக்கே என்ன ஆனது? திறந்து ஒரு வருடம் சற்று கடந்ததும் 2011 நவம்பரில் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக அப்போதைய அரசு அறிவித்தது, உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகமாக நிலைத்தது. ஆனால் அதற்குப் பின் பல வருடங்கள் பராமரிப்புக்கும் ஆள் நியமனத்துக்கும் நீதிமன்றமே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

கிராமத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் உண்டு. 2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் நூலகக் கட்டடம் கட்டினார்கள். அவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வந்தன, நூலக ஆணைக்குழுவின் கீழ் வரவில்லை. முழுநேர நூலகர் கிடையாது, மதிப்பூதியத்துக்கு ஒருவர். வருடா வருடம் புத்தகத்துக்கு நிதி என்று உறுதியான ஏற்பாடு இல்லை. ஏராளமான ஊர்களில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது, அல்லது ஊராட்சியின் சாமான் அறையாக இருக்கிறது.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி தன் காசில் ஊர் ஊராக நூலகக் கட்டடம் கட்டிக் கொடுத்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்: இடத்தை ஊர் தர வேண்டும், கட்டடச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு வருடமும் நடத்துவதற்கு ஒதுக்குவதாக ஊர்சபை உறுதிமொழி தர வேண்டும். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் அங்கே இப்படி எழுந்தன. வியாபாரிக்குக் கணக்கு தெரியும். இங்கேயும் புது நூலகம் அறிவிக்கிற ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு சட்டமன்ற உறுப்பினர் எழுந்து, வருடா வருடம் நடத்துவதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் நன்றாக இருக்கும்.

வரி முறையில் நான் ஒப்புக்கொள்கிற ஒரு குறை இருக்கிறது. சொத்து மதிப்பு எங்கே அதிகமோ அங்கேதான் வரவும் அதிகம். சென்னைக்கும் கோவைக்கும் வருகிற தொகை பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ வராது. ஆனால் வீட்டில் புத்தகம் வாங்க வசதி இல்லாத பிள்ளைகள் எங்கே அதிகம்? அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மாநில அரசின் மானியம் வேண்டும். மத்திய அரசின் கீழ் கொல்கத்தாவில் 1972 முதல் இயங்குகிற ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் புத்தகம், கட்டடம், தளவாடத்துக்கு உதவுகிறது. அதில் ஒரு பகுதி இணை நிதி, அதாவது மாநிலம் தன் பங்கைப் போட்டால்தான் அவர்கள் பங்கு வரும். இந்த மாதிரி வாய்ப்புகளில் மாநிலம் தாமதித்தால் இரண்டு பக்கமும் போச்சு.

இப்போது இரண்டாவது கேள்வி. கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே என்றால், மாவட்ட மைய நூலகம் எதற்காவது காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்து பாருங்கள். நாளிதழ் மேஜையைச் சுற்றி ஓய்வு பெற்றவர்கள், ஒரு பேப்பர் நாலு கைக்கு நாலு தாளாகப் பிரிந்திருக்கும். மாடியிலோ பக்கத்து அறையிலோ இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள், டிஎன்பிஎஸ்சிக்கும் காவலர் தேர்வுக்கும் படிப்பவர்கள், மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்து நாள் முழுக்க இருப்பார்கள். பாதிப் பேர் நூலகத்துப் புத்தகத்தைத் தொடுவதுகூட இல்லை, சொந்தப் புத்தகம்தான். அவர்களுக்கு வேண்டியது ஒரு நாற்காலி, வெளிச்சம், சத்தமில்லாத இடம், கழிப்பறை. ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சியும் தம்பி தங்கையும் இருக்கிற பெண்ணுக்கு இதைக் கைபேசி தராது. நீங்கள் ஒருநாளும் உள்ளே போகாமல் இருக்கலாம், பரவாயில்லை. தெருவிளக்குக்கும் அப்படித்தான் கட்டுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் சட்டத்தைக்கூடத் திருத்தாமல் செய்யக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது. இன்று சொத்து வரியில் பெரும்பகுதி இணையத்திலேயே கட்டப்படுகிறது. கட்டுகிற அந்த நொடியிலேயே நூலகப் பங்கு பிரிந்து ஆணைக்குழுவின் வங்கிக் கணக்குக்குப் போகும்படி மென்பொருளில் ஏற்பாடு செய்துவிட்டால் நடுவில் தங்குவதற்கு இடமே இல்லை. ஒரு கடையில் கட்டிய பணம் இரண்டு பேருக்குப் பிரிந்து போவதெல்லாம் இன்று சர்வ சாதாரணம். இதைச் செய்யாமல் இருப்பதற்குத் தொழில்நுட்பம் காரணம் இல்லை, அந்தப் பணம் சில மாதம் கையில் புரள்வதில் உள்ள சௌகரியம்தான் காரணம். பழைய பாக்கியைத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம், புதுப் பாக்கி ஏறாமல் இருந்தாலே பாதி வெற்றி.

நீங்கள் தனி ஆளாகச் செய்யக்கூடியது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒரே மாதிரி இரண்டு மனு எழுதுங்கள். ஒன்று உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு: கடந்த ஐந்து நிதியாண்டுகளுக்கு நூலக வரியின் கேட்பு (அதாவது வசூலிக்க வேண்டிய தொகை), வசூல், நிலுவை எவ்வளவு, வசூலானதில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தெந்தத் தேதியில். இன்னொன்று ஆணைக்குழுவுக்கு: அதே ஐந்து ஆண்டுகளில் அந்த உள்ளாட்சியிடமிருந்து வரவு எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, உங்கள் கிளைக்கு வாடகை, பத்திரிகை, பராமரிப்பு என்று தலைப்புவாரியாகச் செலவழித்தது எவ்வளவு. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண்கள் பொருந்தாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். அந்தத் தாள்களோடு வார்டு உறுப்பினரைப் பாருங்கள், பகுதி சபைக் கூட்டம் நடந்தால் அங்கே எழுந்து படியுங்கள். "நூலகத்தை மேம்படுத்த வேண்டும்" என்று பொதுவாக மனுக் கொடுத்தால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். இத்தனை லட்சம் வசூலித்து இத்தனை லட்சம் கொடுக்கவில்லை என்று தேதியோடு கேட்டால் அப்படித் தட்டிக் கழிக்க முடியாது.

நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேரச் சொல்வார்கள். வசதி இருந்தால் சேருங்கள், நானும் சேரச் சொல்கிற ஆள்தான். ஆனால் அதைக் கட்டிவிட்டோம் என்று மனுவை எழுதாமல் விட்டுவிட வேண்டாம். மனுவில் நிதியாண்டைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள், "இதுவரை" என்று மொட்டையாகக் கேட்டால் "தகவல் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை" என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.